இசைவாணியின் திருத்தம்

"அந்தப் பேரவையால உனக்கு என்னதான் கிடைச்சது?" என்று என் வீட்டுக்காரர் வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவார். மதுரையில் ஒரு கூட்டம், ஆறிப்போன வடை, தோளில் மாட்ட ஒரு பை, இதற்காகவா ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறி ஓடுகிறாய் என்பார். அவருக்குப் பருப்பு மண்டி. எதை எடுத்தாலும் லாபம் என்ன என்று கேட்கிற மனிதர். நானும் எரிச்சலில், "ஆமா, ஒண்ணும் கிழிக்கலை, போங்க" என்று சொல்லியிருக்கிறேன். இந்த வருடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் செல்வலட்சுமி. விருதுநகரில் ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். பிறந்தது சிவகாசிப் பக்கம் ஆனைக்குட்டம். அப்பா அம்மா இரண்டு பேருமே பட்டாசுக் கம்பெனியில் கிடந்து தேய்ந்தவர்கள். என்னோடு படித்து, என்னோடு ஆராய்ச்சி செய்து, பிறகு அதே கல்லூரியில் எனக்கு அடுத்த மேஜையில் உட்கார்ந்தவள் இசைவாணி. நாரணாபுரத்துக்காரி. போன ஐப்பசியில் செத்துப்போனாள். எங்கள் ஊர்ப் பக்கம் ஒருத்தி செத்தாள் என்றால் உடனே எல்லோரும் வெடிவிபத்தா என்றுதான் கேட்பார்கள். இல்லை, டெங்கு. ஐந்து நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அவளுடைய அம்மா சோலையம்மாளுக்கு, நான் சித்தி என்றுதான் கூப்பிடுவேன், அவள் ஒரே பிள்ளை.

பேரவை என்று சொன்னது தென்னக இயற்பியல் பேரவையை. இசைவாணிக்கு அதுதான் எல்லாம் செய்தது. எங்கள் கல்லூரியில் ஒரு நல்ல வோல்ட் மீட்டர் கிடையாது. மனித உடம்பில் ஏறுகிற நிலைமின்சாரத்தை அளக்கிற மீட்டர் வேண்டும் என்று அவள் கேட்டபோது முதல்வர் சிரித்தார். பேரவையில் கருவிகளைக் கடன் கொடுக்கிற ஒரு ஏற்பாடு இருக்கிறது. பெட்டியில் வைக்கோல் திணித்து, பஸ்ஸில் போட்டு, அந்த மீட்டரை அனுப்பிவைத்தார்கள். அவள் எழுதியதைப் பேரவையின் பத்திரிகைதான் போட்டது. அந்த வருடத்து இளம் ஆய்வாளர் பதக்கத்தையும் கொடுத்தது. சோலையம்மாள் சித்தி அந்தப் பதக்கத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறாள்.

அவள் என்ன எழுதினாள் என்று சொல்ல வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் குழாய்களில் வெடிமருந்து செலுத்துகிற அறைக்குப் பெண்கள் நைலான் சேலை கட்டி வரக்கூடாது. காய்ந்த காற்றில் நைலான் உரசினால் உடம்பில் மின்சாரம் ஏறும், ஒரு பொறி போதும், அறையே போய்விடும். பருத்திதான் கட்ட வேண்டும். ஆனால் பருத்திச் சேலை மழைக்காலத்தில் காயாது, மருந்துக் கறை போகாது, சீக்கிரம் நைந்துவிடும். நைலான் கட்டி வந்ததற்காகப் போர்மேன் சோலையம்மாள் சித்தியை எத்தனையோ நாள் வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். சின்ன வயதிலேயே இசைவாணிக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. "நெசமாவே வித்தியாசம் இருக்கா, இல்ல சும்மா பொம்பளைகளை விரட்டுறாகளா? அளந்து பாத்துருவோம்டி" என்பாள். அளந்தாள். ஆய்வகத்தில் ரப்பர் விரிப்பு போட்டு, எங்கள் மாணவிகளை நைலான் சேலையில் உட்கார வைத்து, குழாய்களில் மருந்துக்குப் பதிலாக மணலை அடைக்கச் சொல்லி, எழுந்து நடந்து வரச் சொல்லி அளந்தாள். நைலானுக்கும் பருத்திக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை என்று வந்தது.

சித்தி வேலை பார்க்கிற கம்பெனியின் முதலாளி ரத்தினசாமி அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு ஆபீஸில் மாட்டிவிட்டார். வருடா வருடம் கொடுக்கிற பருத்திச் சேலையை நிறுத்தினார். பெண்களுக்கும் சந்தோஷம்தான். யாரும் குறை சொல்லவில்லை. இசைவாணி போன பிறகு சோலையம்மாள் சித்தி மகளுடைய நைலான் சேலைகளைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். எல்லாம் வாத்தியாரம்மா சேலை. கத்திரிப்பூ நிறம், ஊதா, கிளிப்பச்சை. அதைக் கட்டிக்கொண்டு மருந்து அறைக்குள் உட்கார்ந்து குழாய் அடைப்பாள். "எம்பிள்ளையே சொல்லிட்டாளே, ஒண்ணும் செய்யாதுன்னு" என்பாள். அதைக் கேட்கையில் எனக்கும் மனசு நிறைந்திருக்கும்.

தையில் பேரவையிலிருந்து தகவல் வந்தது. சென்னையில் ஸ்ரீராம்குமார் என்ற ஒரு ஆய்வாளர் இசைவாணி செய்ததை அப்படியே திரும்பச் செய்து பார்த்திருக்கிறார். அவருக்கு நைலானில் பல மடங்கு அதிகமாக வருகிறதாம். பதில் சொல்ல இசைவாணி இல்லாததால், அவள் கட்டுரையில் நன்றி சொன்ன இடத்தில் என் பெயர் இருந்ததால், என்னைக் கேட்டிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. செத்தவள் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டாள் என்ற தைரியமா என்று நினைத்தேன். எங்கள் வெயில் தெரியுமா, எங்கள் காற்று தெரியுமா, ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு சிவகாசிப் பெண்களைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று அவருக்கே எழுதினேன். எழுதியதோடு நிற்கவில்லை. என் மாணவி ரோஜாவை வைத்து நானே மறுபடி அளந்தேன். இசைவாணிக்கு வந்ததேதான் எனக்கும் வந்தது. துள்ளிக் குதித்தேன். பத்திரிகையின் ஆசிரியர் லட்சுமிகாந்தம் அம்மாவுக்கு, அவர் மதுரையில் இருக்கிறார், போன் போட்டு, "பாத்தீங்களா அம்மா, எங்க பிள்ளை சொன்னது சரிதான்" என்றேன்.

லட்சுமிகாந்தம் அம்மா அவசரப்படுகிற ஆள் இல்லை. "ரெண்டு பேரும் தனித்தனியா அளந்தா தனித்தனியாத்தான் வரும் செல்வலட்சுமி. ஒரே அறையில நின்னு சேர்ந்து அளங்க. அவரை அங்க அனுப்பி வைக்கிறேன். செலவு பேரவையோடது" என்றார்.

ஸ்ரீராம்குமார் மாசி மாதத்தில் வந்தார். வம்புக்காரர் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, கூச்சமாக, கையில் சொந்த மீட்டரோடு வந்து நின்றார். "உங்க மெயில் படிச்சேன் மேடம்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதனால் இன்னும் விறைப்பாக நின்றேன்.

முதலில் ரோஜா. மணல் அடைத்தாள், எழுந்தாள், நடந்து, மீட்டர் வைத்திருக்கிற கண்ணாடிக் கேபினுக்குள் போய் அதில் கை வைத்தாள். முள் கொஞ்சம்தான் அசைந்தது. அடுத்து நான். அதே அளவு. அவர் தன் மீட்டரை வைத்துப் பார்த்தார். அதிலும் அப்படியே. "திருப்தியா?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "நான் ஒரு தடவை பண்றேன்" என்றார். நைலான் துணியை இடுப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து மணல் அடைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. எழுந்து நடந்து போய்க் கை வைத்தார். முள் கடைசி வரை ஓடியது.

"என்ன சார், உடம்புக்குள்ள மின்வாரியமே இருக்கும்போல" என்றேன். ரோஜா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. "மேடம், நீங்க இன்னொரு தடவை நடந்து வாங்களேன்" என்றார்.

நடந்தேன். கேபின் வாசலில் கால் வைக்கும்போது அவர் கேட்டார். "அதை ஏன் தொடுறீங்க?"

"எதை?"

"அந்தச் செம்புப் பட்டையை."

கேபின் வாசல் ஓரமாக ஒரு செம்புப் பட்டை சுவரில் இறங்குகிறது. மீட்டருக்கான எர்த். "நான் எங்க தொட்டேன்? தொடவே இல்லை" என்று சத்தம் போட்டேன்.

ரோஜா மெதுவாகச் சொன்னாள். "தொட்டீங்க மிஸ். நானுந்தான் தொட்டேன்."

எங்கள் ஊர்ப் பக்கம் ஒவ்வொரு மருந்து அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகும் முன்னால் அதில் கை வைக்க வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குப் போய்விடும். வேலை பார்க்கிறவர்கள் மட்டும் இல்லை, சாப்பாடு கொடுக்கப் போகிற பிள்ளைகளும் தொட வேண்டும். நடக்கப் பழகுவதைப் போலவே அதையும் பழகுகிறோம். பிறகு அது கையின் வேலை, நமக்குத் தெரியாது. இசைவாணி அளந்த அத்தனை பெண்களும் நாரணாபுரம், ஆனைக்குட்டம், சுற்று வட்டாரப் பிள்ளைகள். ஒவ்வொருத்தியும் கேபினுக்குள் நுழையும்போது பட்டையைத் தொட்டு, ஏறிய மின்சாரத்தையெல்லாம் இறக்கிவிட்டுத்தான் மீட்டரில் கை வைத்திருக்கிறாள். கட்டுரையைச் சரிபார்த்தவர்கள் எண்களைப் பார்த்தார்கள், கையை யார் பார்ப்பார்கள்?

இரண்டு கையையும் மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு மறுபடி நடந்தேன். அந்த வாசலைத் தொடாமல் தாண்டுவதற்கே பயமாக இருந்தது. மீட்டரில் விரல் வைத்தேன். முள் ஓடியது.

அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஸ்ரீராம்குமார் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். "அவங்க வேலை சுத்தமான வேலை மேடம். இதை நான் ஒரு ஆயுசு உட்கார்ந்தாலும் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன், இங்க வரலைன்னா" என்றார். நல்ல மனிதர். அதுவும் சேர்ந்து என்னை அழவைத்தது.

ஆபத்து எது என்று எனக்கு உடனே புரிந்தது. வாசலில் தகடு இருக்கிறது. அறைக்குள் கிடையாது. உள்ளே உட்கார்ந்து, எழுந்து, மருந்துத் தட்டை எடுக்க நாலு எட்டு வைக்கிற ஒவ்வொரு தடவையும் நைலான் உரசும், மின்சாரம் ஏறும். பங்குனி வெயில் வரப்போகிறது. சோலையம்மாள் சித்தி மகளுடைய சேலையில் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

ரத்தினசாமிக்குப் போன் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை, பிடிவாதக்காரர். "டீச்சர், நீங்க வாயால சொல்றீக. அங்கன அச்சுல இருக்கு. அச்சுல வந்ததை அச்சுலயே மாத்திக் குடுங்க, மறுநாளே எல்லாப் பொம்பளைக்கும் பருத்திச் சேலை எடுத்துருதேன்" என்றார். அச்சகங்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவர், காகிதத்தில் ஏறாதது அவருக்குச் செய்தியே இல்லை. அவரோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பும் இல்லை.

லட்சுமிகாந்தம் அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னார். "ரெண்டு வழி இருக்கும்மா. ஸ்ரீராம்குமார் தனியா ஒரு கட்டுரை எழுதலாம். அப்போ இசைவாணி தப்பு, இவர் சரின்னு இருக்கும், காலத்துக்கும். இல்லைன்னா இசைவாணி பேர்லயே திருத்தம் போடலாம். தன் வேலையைத் தானே திருத்துனதா இருக்கும். ஆனா அவ இல்லையே. குடும்பத்துல ஒருத்தர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும், அது பேரவை விதி. நீ போய்க் கேக்குறியா, நான் வரட்டுமா?"

"நானே போறேன்மா" என்றேன்.

அன்று சாயங்காலமே நாரணாபுரம் போனேன். சித்தி அப்போதுதான் வேலை விட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தாள். கத்திரிப்பூ நிறச் சேலை. பதக்கம் வாங்கிய அன்று இசைவாணி கட்டியிருந்தது.

"வாத்தா செல்வி. என்ன மூஞ்சி இப்படி இருக்கு? சாப்பிட்டியா?"

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. இசைவாணி எழுதியதில் தப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சித்தி ஈரக் கையோடு அப்படியே நின்றாள்.

"மெடலை வாங்கிட்டுப் போயிருவாகளா?"

"இல்ல சித்தி. அது அவளுக்குத்தான்."

"பின்ன எதுக்குத்தா வந்து சொல்லுற? போய்ச் சேந்தவளைத் தப்புன்னு சொல்லி உங்களுக்கு என்ன வரப்போகுது? நீ அவ சிநேகிதிதானே? ஒரே தட்டுல சாப்பிட்டவளுகதானே?" குரல் உயர்ந்தது. பக்கத்து வீட்டு மூக்கம்மாள் எட்டிப் பார்த்தாள். "அவ உசுரோட இருந்திருந்தா இப்படி வந்து நிப்பியா? உன்னைய உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா."

எனக்கும் பொறுக்கவில்லை. "உங்க உசுரு போயிரும் சித்தி! இந்தச் சேலையோட நாளைக்கு மருந்து ரூமுக்குள்ள போகாதீங்க" என்று கத்தினேன்.

"போனாப் போகுது! அவளே போயிட்டா, நான் இருந்து யாருக்கு ஆக்கிப்போடப் போறேன்?"

"உங்க பக்கத்துல முத்துப்பேச்சி உட்காந்திருக்காளே, கைப்பிள்ளைக்காரி. அவளும் போகட்டுமா?"

சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். "என்ன தப்பு பண்ணுனா?" என்று கேட்டாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். மீட்டர் இருக்கிற அறை வாசலில் செம்புப் பட்டை, எல்லோரும் தெரியாமலே தொட்டுவிட்டோம், அதனால் ஏறின மின்சாரம் இறங்கிப்போய்விட்டது, அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

"பட்டையத் தொட்டாளா?" என்றாள் சித்தி. "அவளா?"

"அவளும், நாங்க எல்லாரும்."

"ரெண்டாப்பு படிக்கையில தூக்குச்சட்டி கொண்டாந்தா. தகட்டைத் தொடாம வாசல்ல கால வச்சுட்டா. எனக்கு ஈரக்குலையே நடுங்கிப்போச்சு. அங்கனயே அடிச்சேன் பாரு, கன்னம் வீங்கிப்போச்சு பிள்ளைக்கு. அதுக்கப்புறம் எங்க போனாலும் தொடுவா. பள்ளிக்கூட வாசல், கோயில் வாசல், ரேசன் கடைக் கம்பியக் கூட விடமாட்டா. நாங்கூடச் சிரிப்பேன்." இப்போதும் ஒரு சிரிப்பு வந்தது அவளுக்கு. வந்த வேகத்தில் உடைந்துவிட்டது. "அம்புட்டுப் பெரிய படிப்புப் படிச்சாளே. நான் அடிச்ச அந்த ஒரு அடி அவள விட்டுப் போகலையா செல்வி?"

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய? அந்த அடிதான் அவளை இத்தனை வருடம் காப்பாற்றி வைத்தது என்று சொன்னேன். சித்திக்கு அது ஏறியதா என்று தெரியவில்லை.

இரண்டு வழியையும் விளக்கிச் சொன்னேன். சித்தி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அவளே சொல்லுற மாதிரி போடுங்க. அவ பேர்லயே வரட்டும். வேற ஒருத்தன் வந்து எம்பிள்ளையத் தப்புன்னு சொல்ல வேண்டாம்" என்று சொல்லி, நான் கொண்டுபோன சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள். பிறகு உள்ளே போய்ப் பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். மகளுடைய சேலைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஏத்தா, எனக்குப் போக்கிடம்னா கம்பெனிதான். இதைக் கெட்டிக்கிட்டு இனி நான் எங்கன போவேன்?"

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள்தான் என்னை எழுப்பி அனுப்பினாள்.

திருத்தம் பங்குனி இதழிலேயே வந்தது. ரத்தினசாமி சொன்ன சொல் காப்பாற்றினார். கண்ணாடிக்குள் இருந்த பக்கத்தை எடுத்துவிட்டு, திருத்தத்தைப் போஸ்டராகவே அடித்து ஒவ்வொரு மருந்து அறை வெளிச்சுவரிலும் ஒட்டினார். எல்லாப் பெண்களுக்கும் பருத்திச் சேலை வந்தது. இரண்டு மூன்று பேர் முணுமுணுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். முணுமுணுக்கட்டும், உயிரோடு இருந்து முணுமுணுக்கட்டும்.

சித்திரையில் மதுரையில் ஆண்டுக் கூட்டம். பதக்கம் கொடுப்பதற்கு முன்னால் அந்த வருடத்துத் திருத்தங்களை மேடையில் வாசிப்பது பேரவையின் வழக்கம். எழுதியவர் எழுந்து நிற்க வேண்டும். பெரிய பெரிய பேராசிரியர்களும் நிற்பார்கள். இசைவாணிக்காக நான் நிற்பதாக இருந்தது. சித்தியிடம் சும்மா பேச்சுவாக்கில் அதைச் சொல்லி வைத்தேன். "நானும் வாரேன்" என்றுவிட்டாள். அங்கே தப்பைத்தான் வாசிப்பார்கள் சித்தி, பாராட்டு இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். "தெரியும்த்தா" என்றாள்.

கூட்டத்தன்று காலையில் விருதுநகர் பஸ் நிலையத்துக்கு எனக்கு முன்னாலேயே சித்தி வந்திருந்தாள். தலை நிறையப் பூ இல்லை, நகை இல்லை, ஆனால் மடிப்புக் கலையாமல் அந்தக் கத்திரிப்பூ நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் கொசுவத்தை நீவிவிட்டுக்கொண்டே வந்தாள்.

கூட்டத்தில் முன்வரிசையில் உட்கார வைத்தேன். ஸ்ரீராம்குமார் வந்து கும்பிட்டுவிட்டு அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். லட்சுமிகாந்தம் அம்மா மேடையில் வாசித்தார். முதலில் வேறு இரண்டு பேருடையது. அப்புறம், "நாரணாபுரம் சோ. இசைவாணி" என்றார். நான் எழுவதற்குள் சித்தி எழுந்துவிட்டாள். நானும் ஸ்ரீராம்குமாரும் இரண்டு பக்கமும் எழுந்து நின்றோம். இன்ன கட்டுரையில், இன்ன அளவீட்டில், இன்ன காரணத்தால் பிழை நேர்ந்தது, முடிவு இனி இவ்வாறு கொள்ளப்பட வேண்டும், இசைவாணி. நாலு வரிதான். முடிந்துவிட்டது. அடுத்து பதக்கம் கொடுக்கத் தட்டை எடுத்தார்கள். எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சித்தி உட்காரவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"செல்வி, இன்னொரு தடவ வாசிக்கச் சொல்லுத்தா. இனிமே அவ பேரை எங்கன சொல்லப் போறாக?"

லட்சுமிகாந்தம் அம்மாவுக்குக் கேட்டுவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து மறுபடியும் வாசித்தார்.